பழைய லேப்டாப், விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு, லினக்ஸ்ல கேம் ஆடுறது நிஜமாவே ஒர்க் ஆகுதா?

கொத்துபரோட்டா:
மக்களே ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளமாத்தான் வரும் பொறுத்துக்கோங்க. என்கிட்ட இருக்கறது 2017ல வாங்கின லேப்டாப், ஐ5 ஏழாவது ஜெனரேஷன், ஜிடிஎக்ஸ் 1050, ராம் மட்டும் நடுவுல 16 ஜிபி ஆக்கினேன். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுது, சரி 11 போடலாம்னு பாத்தா எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் எடுத்துக்குமாம், ஒரே ஒரு நம்பர்ல கோட்டை விட்டாச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைல கேட்டா "இத தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுத்துக்கோங்க சார்"ங்கறார், அவருக்கென்ன.

ஆடுறது பெரும்பாலும் விட்சர் 3, ஹேடிஸ், ஸ்டார்ட்யூ வேலி, ஜிடிஏ 5 கதை மோட், அப்பப்ப சிஎஸ் 2. தம்பி ஊர்ல இருந்து வந்தா வேலரன்ட். காலேஜ்ல 2013 வாக்குல உபுண்டுங்கற லினக்ஸ் போட்டு, விண்டோஸ் கேம லினக்ஸ்ல ஓட்டற வைன்ல வைஸ் சிட்டி ஓட்டிப் பாத்தேன், கார் ரேடியோல பாட்டுக்கு பதிலா அப்பளம் பொரியற சத்தம் வந்துச்சு, அன்னிக்கு மூடி வெச்சவன்தான். இப்ப எல்லாரும் மாறிடுச்சு மாறிடுச்சுங்கறாங்க. நிஜமா, இல்ல வழக்கமான லினக்ஸ்காரங்க பில்டப்பா?

டெர்மினல்_தாத்தா:
தம்பி, 2013ல நீங்க பாத்ததும் இன்னிக்கு இருக்கறதும் ஒரே பேர்ல ரெண்டு வேற சாமான். கதைய சொல்றேன், அவசரம்னா கடைசி பாராவுக்கு தாவிடுங்க.

வைன் 1993லயே ஆரம்பிச்சுது. அது எமுலேட்டர் இல்ல, பேரோட விரிவே அதுதான். துபாஷி மாதிரின்னு வெச்சுக்கோங்க. கேம் விண்டோஸ் பாஷைல "இந்த ஃபைல தொற, இந்த ஜன்னல வரை"ன்னு கேக்கும், வைன் அத லினக்ஸுக்கு புரியற மாதிரி சொல்லிவிடும், ப்ராசஸர் எப்பவும்போல நேரா ஓடும். சிக்கல் எல்லாம் கிராஃபிக்ஸ்ல இருந்துச்சு. விண்டோஸோட கிராஃபிக்ஸ் பாஷையான டைரக்ட்3டி பேசற கேம, லினக்ஸ்ல இருக்கற ஓப்பன்ஜிஎல் பாஷைக்கு மாத்தறப்ப பாதி உயிர் போயிடும்.

2018ல டிஎக்ஸ்விகேன்னு ஒண்ணு வந்துச்சு, டைரக்ட்3டிய வல்கன்ங்கற புது கிராஃபிக்ஸ் பாஷைக்கு மாத்தறது. ஒரு ஆளு நியர் ஆட்டோமேட்டாவ லினக்ஸ்ல ஆடணும்னு ஆசப்பட்டு எழுத ஆரம்பிச்சார், ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைய நடத்தற வால்வ் அவர கூப்பிட்டு காசு குடுத்து எழுத வெச்சுது, அதே வருஷம் ஆகஸ்ட்ல வைனையும் அதையும் சேத்துக் கட்டி புரோட்டான்னு ஸ்டீமுக்குள்ளயே வெச்சுட்டாங்க. டைரக்ட்3டி 12 கேமுக்கு விகேடி3டின்னு தனியா ஒண்ணு உண்டு.

வால்வுக்கு எதுக்கு இந்த அக்கறைன்னா தர்மசிந்தனை எல்லாம் இல்ல. 2012ல விண்டோஸ் 8 கூடவே ஆப் ஸ்டோர் வந்ததும் நாளைக்கு நம்ம கடைய இழுத்து மூடிடுவானோன்னு பயம், கேப் நியூவெல் அப்ப வெளிப்படையாவே அத பேரழிவுன்னார். 2013ல ஸ்டீம் லினக்ஸுக்கு வந்துச்சு, 2015ல ஸ்டீம் மெஷின்னு டப்பா விட்டாங்க, கேமே இல்லாத டப்பாவ எவன் வாங்குவான், ஊத்திக்கிச்சு. அப்பதான் கேம் கம்பெனிங்கள லினக்ஸுக்கு எழுதுன்னு கெஞ்சறதுக்கு பதிலா விண்டோஸ் கேமயே ஓட வெச்சிடலாம்னு வழிய மாத்தினாங்க. 2022 பிப்ரவரில வந்த, கைல புடிச்சு ஆடற ஸ்டீம் டெக் முழுக்க இதுமேல நிக்குது.

உங்க லிஸ்டுக்கு வரேன். ஸ்டார்ட்யூவும் சிஎஸ் 2வும் லினக்ஸுக்கே நேரா வருது. ஹேடிஸ், விட்சர், ஜிடிஏ கதை மோட் எல்லாம் புரோட்டான்ல ஓடும். வேலரன்ட் ஓடாது. ட்ரிக்கு, பேட்ச், யூடியூப் வீடியோன்னு தேடி நாள வீணாக்காதீங்க.

ஹெட்ஷாட்_குமாரு:
கடைசி வரிதான் மேட்டரே. நான் ஆடுறது ரெண்டு கேம், ரெண்டும் லினக்ஸ்ல வராது. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் லாபில வெயிட் பண்றப்ப "மச்சி என் ஓஎஸ் சுதந்திரமானது ஆனா நான் வரமாட்டேன்"னா சொல்ல முடியும்? ஃபோர்ட்நைட் வராது, வேலரன்ட் வராது, ஏபெக்ஸ் வந்துட்டு இருந்தத 2024 அக்டோபர் கடைசில பிடுங்கிட்டாங்க, ஜிடிஏ ஆன்லைன் அதே வருஷம் செப்டம்பர்ல போச்சு. சும்மா ஆசை காட்டாதீங்க தாத்தா.

நிலாச்சோறு:
குமாரு சொல்றது தப்பில்ல, ஆனா ஏன்னு தெரிஞ்சுக்கறது நல்லது. லினக்ஸுக்கு திராணி இல்லாததால ஓடலன்னு இல்ல. சீட்டர புடிக்கற சாஃப்ட்வேர்ங்களான ஈஸி ஆன்டி சீட், பேட்டில்ஐ ரெண்டுமே 2021 செப்டம்பர்லயே புரோட்டானுக்கு வழி விட்டாச்சு, கேம் கம்பெனி சரின்னு சொன்னா போதும். எல்டன் ரிங்ல இருக்கறது அதே ஈஸி ஆன்டி சீட், ஓடுது. ஜிடிஏல போட்டிருக்கறது பேட்டில்ஐ, கம்பெனி சம்மதம் குடுக்கல, ஓடல. சுவிட்ச் அவங்க கைல.

வேலரன்டுக்கு காவலா இருக்கற வேன்கார்ட் வேற ஜாதி. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஓஎஸ்ஸோட மையமான கெர்னல்ல போய் உக்காந்துக்கும். லினக்ஸ்ல கெர்னலையே நான் என் இஷ்டத்துக்கு மாத்தி கம்பைல் பண்ணிக்கலாம், அப்ப காவக்காரன் நிக்கற வீட்டோட சுவரையே நான் நகத்தலாம்னு அர்த்தம், அவன் எத நம்பி நிப்பான்? அதனால அவங்க பயத்துல கொஞ்சம் நியாயம் இருக்குன்னுதான் நானும் நினைக்கறேன். ஆனா விண்டோஸ்ல அவ்வளவு ஆழமா உக்காந்தும் சீட்டர் இல்லாம போயிட்டானா என்ன.

ஹெட்ஷாட்_குமாரு:
கம்மி ஆகியிருக்கான். சிஎஸ்ல ஒரு வாரம் ஆடிட்டு வந்து பேசுங்க அக்கா.

நிலாச்சோறு:
ஆடிட்டுதான் பேசறேன் தம்பி, ஃபெடோரா லினக்ஸ்ல. சுவருக்குப் பின்னாடி இருந்து சுடறவன நானும் பாத்திருக்கேன் 🙂

யாழ்காத்து:
நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். ரெண்டு வருஷமா பஸைட் எண்ட லினக்ஸ் பாவிக்கிறன், ஏஎம்டி கார்ட். ட்ரைவர் எண்டு தனியா ஒண்டும் போடேல்ல, கெர்னலுக்குள்ளயும் மேசா எண்ட கிராஃபிக்ஸ் மென்பொருளுக்குள்ளயும் எல்லாம் கிடக்கு, போட்ட அண்டே விளையாடத் துவங்கீட்டன். ஸ்டீமில இல்லாத கேமுக்கு ஹீரோயிக் லாஞ்சர் இருக்கு, எபிக்கில சும்மா குடுத்த கேம், ஜிஓஜில வாங்கினது எல்லாம் அதுக்குள்ளால ஓடும். பிஎஸ் 4 கொன்ட்ரோலரும் செருகின உடனயே வேலை செய்யுது.

கொத்துபரோட்டா அண்ணைக்கு ஒரு விசயம் சொல்லோணும், மாற முதல் புரோட்டான்டிபி எண்ட தளத்தில உங்கட கேமின்ர பேரைப் போட்டுப் பாருங்கோ. பிளாட்டினம், கோல்ட் எண்டு சனம் தாங்கள் ஓட்டிப் பாத்து மார்க் போட்டிருக்கும். மார்க்கை விட கீழ எழுதியிருக்கிற குறிப்புதான் முக்கியம், உங்கட கார்ட் வைச்சிருக்கிற ஆள் என்ன எழுதியிருக்கிறார் எண்டு தேடி வாசியுங்கோ.

ஆர்ச்சுக்காரன்:
கேமிங்னா ஆர்ச் லினக்ஸ் மேல கட்டின கேச்சிஓஎஸ் போடுங்க ப்ரோ. லேட்டஸ்ட் கெர்னல், என்டிசிங்க் எல்லாம் உடனே வந்துடும் (கெர்னல் 6.14ல சேத்தாங்க, விண்டோஸ் த்ரெட் ஒண்ணுக்கு ஒண்ணு காத்து நிக்கற வேலைய கெர்னலே பாத்துக்கும், சில கேம்ல நல்லா தெரியும்). லினக்ஸ் மின்ட் எல்லாம் ரிட்டயர் ஆனவங்க போடறது.

டெர்மினல்_தாத்தா:
ரிட்டயர் ஆனவன்தான் சொல்றேன், கேளு. அவர் கார்ட் 1050, பாஸ்கல் தலைமுறை. என்விடியா அந்த தலைமுறைக்கு 580 வரிசையோட ட்ரைவர நிறுத்திடுச்சு, 590ல கிடையாது. 2025 டிசம்பர்ல ஆர்ச்சுல 590 வந்தப்ப பழைய கார்ட்காரன் எல்லாம் அப்டேட் அடிச்சுட்டு கருப்பு ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்திருந்தது உங்க குழுவுலதானே நடந்துச்சு? அவருக்கு 580லயே நின்னு அசையாம இருக்கற வீடு வேணும். என்விடியா திறந்து விட்ட கெர்னல் மாட்யூலும் 16 சீரீஸ்ல இருந்துதான், 1050க்கு பழைய மூடின ட்ரைவர்தான் கதி.

மின்ட் போடுங்க தம்பி. ட்ரைவர் மேனேஜர்னு ஒரு ஜன்னல் இருக்கு, 580ஐ தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட், அவ்வளவுதான்.

ஆர்ச்சுக்காரன்:
அதுக்கு அறிவிப்பு போட்டிருந்தாங்க, படிக்காம அடிச்சவன் தப்பு. பழைய ட்ரைவர் தனியாவும் கிடைக்குது.

டெர்மினல்_தாத்தா:
படிக்காம அடிக்கறவனுக்கும் கம்ப்யூட்டர் வேணும்ல. 2021 நவம்பர்ல லைனஸ் டெக் டிப்ஸ் சேனல்ல பாப் ஓஎஸ்ல ஸ்டீம் போடப் போய் டெஸ்க்டாப்பே கழண்டு போச்சே, அதுலயும் "ஆமா, நான் சொல்றத செய்"னு முழு வரியையும் டைப் பண்ணச் சொல்லி எச்சரிக்கை வந்துதான் இருந்துச்சு. அவர் டைப் பண்ணார். மனுஷன் டைப் பண்ணத்தான் செய்வான்.

கொத்துபரோட்டா:
சண்ட போடாதீங்க, மின்டே போட்டுட்டேன். ஸ்டீம மின்டோட சாஃப்ட்வேர் மேனேஜர்லயே எடுத்தேன். (உபுண்டு போடற யாராவது படிச்சா, ஸ்னாப் பேக்கேஜா வர ஸ்டீம எடுக்காதீங்க, டெப் பேக்கேஜ்தான் எடுக்கணும்னு வால்வ் ஆளே 2024 ஜனவரில சொன்னாராம், நேத்து ராத்திரி படிச்சேன்.)

இப்ப பிரச்சினை. கேம் எல்லாம் பழைய டி ட்ரைவ்ல இருக்கு, 180 ஜிபி, திரும்ப டவுன்லோட் பண்ற நெட் எங்க வீட்ல இல்ல. ஸ்டீம்ல அந்த ஃபோல்டர காட்டினேன், எல்லா கேமும் லிஸ்ட்ல வந்துடுச்சு, சந்தோஷத்துல ஒரு டீ போட்டுட்டு வந்து ஹேடிஸ்ல ப்ளே அமுக்கினேன். பட்டன் ஸ்டாப்னு மாறுது, மூணு செகண்டுல திரும்ப ப்ளே ஆயிடுது. எரர் மெசேஜும் இல்ல ஒண்ணும் இல்ல. பத்து தடவை அமுக்கினேன். விட்சரும் அதே. ஸ்டார்ட்யூ மட்டும் ஓடுது. என்ன பாவம் பண்ணேன்?

நிலாச்சோறு:
டி ட்ரைவ் விண்டோஸோட ஃபைல் முறையான என்டிஎஃப்எஸ்தானே? புதுசா வர பத்து பேர்ல எட்டு பேர் விழற குழி அது. ஸ்டார்ட்யூ லினக்ஸ் கேம், அதான் ஓடுது. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பொம்மை விண்டோஸ் கட்டும், கேம் இருக்கற ட்ரைவ்லயே கம்பேட்டேட்டான்னு ஒரு ஃபோல்டர்ல. அதுக்குள்ள சி ட்ரைவ காட்டற ஒரு லிங்கோட பேர்லயே முக்காப்புள்ளி வரும், விண்டோஸ் பக்கம் ஃபைல் பேர்ல முக்காப்புள்ளி ஆகாது. லிங்க், பர்மிஷன் எல்லாமே அங்க கோளாறுதான். போதாததுக்கு விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணாலும் முழுசா தூங்காது, அரைத் தூக்கத்துல அந்த ட்ரைவ பூட்டி வெச்சுக்கும், லினக்ஸ்ல படிக்கத்தான் முடியும் எழுத முடியாது.

திரும்ப டவுன்லோட் வேண்டாம். மெயின் எஸ்எஸ்டில லினக்ஸோட எக்ஸ்ட்4 பார்ட்டிஷன்ல ஒரு ஸ்டீம் லைப்ரரி உண்டாக்கி, ஸ்டீம மூடிட்டு, கேம் ஃபோல்டரயும் அதுக்கான மேனிஃபெஸ்ட் ஃபைலையும் காப்பி பண்ணிப் போடுங்க. திறந்ததும் ஸ்டீம் சரிபாத்துக்கும், குறையற துண்டு மட்டும் இறக்கும்.

கொத்துபரோட்டா:
அக்கா நீங்க தெய்வம். ஹேடிஸ் ஓடுது!! முதல் தடவை வல்கன் ஷேடர்னு ஒரு பட்டை ஓடுச்சு, அது எதுக்குன்னு தெரியல ஆனா முடிஞ்சதும் வழுக்கிட்டு போகுது. விட்சரும் திறந்துடுச்சு ஆனா 11 ஃப்ரேம். ஜெரால்ட் குதிரைல போறது கல்யாண ஆல்பம் புரட்டற மாதிரி இருக்கு.

நிலாச்சோறு:
ஷேடர் பட்டைய ஸ்கிப் பண்ணாதீங்க. கேம்ல ஒவ்வொரு புது காட்சிக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கான குட்டி புரோகிராம்ங்க இருக்கும், ஆடறப்பவே அத கம்பைல் பண்ணா நடுவுல விக்கும். அந்த வேலைய முன்னாடியே முடிச்சு வெக்கறதுதான் அந்த பட்டை. எல்டன் ரிங் வந்த புதுசுல விண்டோஸ்ல விக்கிட்டு இருந்தப்ப டெக்ல அந்த விக்கல குறைச்சிருந்தாங்க, வயிறு எரிஞ்சுது நம்ம விண்டோஸ் நண்பர்களுக்கு.

11 ஃப்ரேமுக்கு காரணம், கேம் உங்க இன்டெல் கிராஃபிக்ஸ்ல ஓடுது, 1050 ஜாலியா தூங்குது. லேப்டாப்ல ரெண்டும் இருக்கும்ல. மின்ட்ல கீழ் பட்டைல என்விடியா ஐகான் இருக்கும், அதுல பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாத்தி லாகவுட் பண்ணிட்டு வாங்க. பேட்டரி சீக்கிரம் காலியாகும், ஆடாதப்ப திருப்பி வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, விட்சர் 3ல 2022 டிசம்பர் அப்டேட்டுக்கு அப்புறம் டைரக்ட்எக்ஸ் 11, 12 ரெண்டும் கேக்கும், 11ஐ எடுங்க. 12ல உங்க கார்ட் விண்டோஸ்லயே தள்ளாடும், இங்க விகேடி3டி வேற நடுவுல நிக்கும்.

பழையசாதம்:
இடைல வரேன் மன்னிக்கவும். எங்கிட்ட இருக்கறது +2ல அரசாங்கம் குடுத்த லேப்டாப். அப்ப விண்டோஸ் கூடவே சென்னை சிடாக்ல பண்ண பாஸ் லினக்ஸும் போட்டுக் குடுத்தாங்க, எங்க கிளாஸ்ல யாரும் அத தொறந்தே பாக்கல, ஸ்டார்ட் பண்றப்ப தப்பா அதுல போயிட்டா வைரஸ்னு நினைச்சு பயந்து ஆஃப் பண்ணிடுவோம் 😂 இப்ப அதே லேப்டாப்ல லினக்ஸ் மட்டும்தான் இருக்கு. அதுல இந்த புரோட்டான் எல்லாம் ஓடுமா?

டெர்மினல்_தாத்தா:
உண்மைய சொல்லணும்னா ஓடாதும்மா. புரோட்டான் கட்டியிருக்கறது வல்கன் மேல, அந்த காலத்து இன்டெல் கிராஃபிக்ஸ்ல வல்கனே கிடையாது. இன்டெலோட நாலாவது ஜெனரேஷன் ஹாஸ்வெல்லுக்கு கூட "சப்போர்ட் முழுசா இல்ல"ன்னு எச்சரிக்கை அடிச்சுட்டுதான் திறக்கும். ஆனா வைனோட பழைய ஓப்பன்ஜிஎல் வழி இன்னும் இருக்கு, 2005க்கு முன்னாடி வந்த கேம்ங்களுக்கு அது போதும், ப்ராஜெக்ட் ஐஜிஐ காலத்து சாமான் எல்லாம் முயற்சி பண்ணிப் பாக்கலாம். லினக்ஸுக்கே நேரா வர கேமும் இருக்கே, வெஸ்நாத், ஓப்பன்டிடிடி, பழைய மெஷின்லயும் அழகா ஓடும். பிஎஸ்பி கேமுக்கு பிபிஎஸ்எஸ்பிபின்னு எமுலேட்டர் இருக்கு.

பழையசாதம்:
வெஸ்நாத் போட்டேன். மணி ராத்திரி ரெண்டு. இன்னும் ஒரே ஒரு டர்ன்னு சொல்லிட்டே இருக்கேன்.

ஹெட்ஷாட்_குமாரு:
சரி நானும் ஒண்ணு ஒத்துக்கறேன், கதை கேம் ஆடறவங்களுக்கு இது ஓகே போலத்தான் இருக்கு. ஆனா இந்த இழையவே பாருங்க, ஒரு ஆளு ஒரு கேம் ஆட நாலு நாளா நாலு பேர் சேந்து வைத்தியம் பாத்திருக்கோம். விண்டோஸ்ல டபுள் கிளிக். ஸ்டீம் சர்வேல 2025 அக்டோபர்லதான் தட்டுத் தடுமாறி 3 சதவீதம் தாண்டினாங்க, அதுலயும் கணிசமான பங்கு டெக். 3 சதவீதத்துக்காக எந்த கம்பெனி தனியா டெஸ்ட் பண்ணும்?

யாழ்காத்து:
தம்பி, அந்த டெஸ்ட் பண்ணுற வேலையைத்தான் இப்ப வால்வே செய்யுது. டெக்குக்கு வெரிஃபைட் எண்டு பச்சை அடையாளம் வேணும் எண்டதுக்காக கம்பெனியளும் பாக்கீனம். அந்த டெக்கும் லினக்ஸ்தானே, அவங்களுக்குச் செய்யிற திருத்தம் எனக்கும் சும்மா வருது. நாலு நாள் வைத்தியம் எண்டுறது உண்மைதான், மறுக்கேல்ல. என்ர மச்சானுக்கு விண்டோஸ் 11 போட்டுக் குடுக்கவும் எனக்கு ரெண்டு நாள் போனது.

ஆர்ச்சுக்காரன்:
அந்த நாலு நாள்ல ரெண்டு நாள் என்டிஎஃப்எஸ்சால போச்சு, அது விண்டோஸ் சாமான். கணக்க சரியா எழுதுங்க 😏

கொத்துபரோட்டா:
கடைசி அப்டேட். பெர்ஃபார்மன்ஸ் மோட் போட்டதும் விட்சர் மீடியம்ல 40க்கு மேல நிக்குது, விண்டோஸ்லயும் எனக்கு அவ்வளவுதான் வந்துச்சு. பழைய சேவ் எல்லாம் காணோம்னு அரை மணி நேரம் நெஞ்சு அடைச்சுது, அப்புறம் தேடிக் கண்டுபிடிச்சேன், நிலாச்சோறு அக்கா சொன்ன அந்த பொம்மை விண்டோஸ்குள்ள ட்ரைவ்_சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர், டாக்குமென்ட்ஸ்னு வரிசையா போனா விட்சர் ஃபோல்டர் இருக்கு, பழைய சேவ அங்க காப்பி பண்ணதும் ஜெரால்ட் நான் விட்ட இடத்துலயே மழைல நின்னுட்டு இருந்தார். வேற ஒரு சின்ன கேம்ல மட்டும் நடுவுல வர வீடியோ எல்லாம் பழைய தூர்தர்ஷன் கலர் பட்டை மாதிரி தெரிஞ்சுது, வெளியாளுங்க செஞ்சு தர ஜிஇ புரோட்டானுக்கு மாத்தினேன் சரியாயிடுச்சு. ஜிடிஏ கதை ஓடுது, ஆன்லைன் பக்கம் போகல.

தம்பிக்காக விண்டோஸ் 10ஐ அழிக்கல, ஒரு ஓரமா 120 ஜிபில வேலரன்டுக்குன்னே வெச்சிருக்கேன், 2026 அக்டோபர் வரைக்கும் எக்ஸ்ட்ரா செக்யூரிட்டி அப்டேட்டுக்கு பேர் குடுத்தாச்சு. அதுல ஒரே ஒரு சிக்கல். நேத்து அவன் வந்து விண்டோஸ்ல பூட் பண்ணான், ஏழு மணிக்கு மேட்ச், கடிகாரத்துல மணி ஒண்ணரைதான்னு காட்டுச்சுன்னு போய் குப்புற படுத்து தூங்கிட்டான். எழுந்து ஃபோன பாத்தா எட்டு மணி, டீம்ல இருந்து பதினாலு மிஸ்டு கால். இப்ப என்கிட்ட பேசறதில்ல. இதுக்கும் லினக்ஸ்தான் காரணமா?

நிலாச்சோறு:
😂😂 கரெக்டா அஞ்சரை மணி நேரம் பின்னாடி போயிருக்குமே. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்துல உலக நேரத்த எழுதி வெக்கும், விண்டோஸ் அதையே நம்ம ஊர் நேரம்னு நம்பிடும். டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல்லுக்கு லோக்கல் ஆர்டிசி செட் பண்ணச் சொல்லி ஒரே வரி, உங்களுக்கு தனி மெசேஜ்ல அனுப்பியிருக்கேன்.

ஹெட்ஷாட்_குமாரு:
தம்பி என்ன ரேங்க்? அந்த டீம்ல எடம் காலியா இருந்தா சொல்லுங்க.